நொமாலங்காவின் முப்பத்து மூன்றரை சென்டிமீட்டர்

நொமாலங்கா சிபாண்டா என் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்தபோது அவளுடைய வலத் தோளில் மூன்று மெத்தைகள் இருந்தன. ஒன்று ஆட்டுத்தோல், ஒன்று பேருந்து இருக்கையிலிருந்து கிழித்த பஞ்சு, மேலே உள்ளது அவளுடைய மாமனின் கால்சட்டை மடிப்பு. மூன்றையும் மீறித் தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

ட்சோலோட்சோ ஊருக்கு மேற்கே கம்பங்கொல்லைகளுக்குக் காவல் அவள். யானைக் கூட்டத்தைத் தகரம் தட்டி விரட்டுவாள். தகரத்துக்கு அஞ்சாத யானை வந்தால் அதைச் சுட உரிமம் பெற்றவர் நகரத்திலிருந்து வர வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் கொல்லை மொட்டையாகிவிடும். ஆகவே ஊர் வனவிலங்குச் சங்கம் யானை சுடும் பெரிய .458 துப்பாக்கி ஒன்றை வாங்கி, இவளை உரிமத் தேர்வுக்கு அனுப்பியது. இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறையும் தோற்றால் இரண்டு ஆண்டுகள் விண்ணப்பிக்க இயலாது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது; கம்பு பால் பிடித்திருந்தது.

சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும் உதையைக் குறைக்க ஊரார் சொன்ன வழிகளையெல்லாம் முயன்றிருந்தாள். குழல் முனையில் துளையிட்ட குமிழ் மாட்டலாம் என்றார் ஒருவர். பக்கத்தில் நிற்கும் தடம் பார்ப்பவரின் காது போய்விடும் என்பதால் எங்கள் பக்கத் தேர்வுக்களத்தில் அதற்கு அனுமதியில்லை. மற்றவர்கள் மெத்தை போடச் சொன்னார்கள். போட்டாள். வலித்தது. இன்னொன்று போட்டாள். இன்னும் வலித்தது.

நான் அவளை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, அவளுக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கிடையே மருந்தில்லாத ஒரு வெற்றுத் தோட்டாவைச் சேர்த்தேன். அதன் முறை வந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆனால் அவள் கண்கள் இறுக மூடின, குழல் ஒரு சாண் கீழே குத்தியது.

"இப்ப என்ன உதைச்சுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பாபா." சற்று யோசித்துச் சொன்னாள்: "வராத உதைக்கே பயந்துட்டேன்."

அளந்தேன். விசையிலிருந்து, தோளில் பதியும் மரக்கட்டையின் அடிவரை முப்பத்தேழு சென்டிமீட்டர். அவள் கைக்கு வேண்டியது முப்பத்து மூன்றரை. நீளம் கூடியதால் அடி தோளின் குழியில் பதியாமல் மூட்டெலும்பில் விழுந்தது. அவள் அணிந்த ஒவ்வொரு மெத்தையும் அந்த நீளத்தைக் கூட்டியிருந்தது. கட்டையை அறுக்க வேண்டும்.

சங்கத்திடமிருந்து எழுத்து மூலம் அனுமதி கொண்டு வரச் சொன்னேன். நகரத்துத் துப்பாக்கிக் கடையொன்றில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். வாடிக்கையாளர் கேட்டபடி ஒரு கட்டையைக் குறைத்தேன். அவர் பின்னர் தாம் கேட்கவேயில்லை என்றார். கடைக்காரர் அவரை நம்பி என்னை வேலையிலிருந்து நீக்கினார். குறைக்கச் சொல்லி அந்த வாடிக்கையாளர் கைப்பட எழுதிய கடிதம் இன்றும் என் மூன்றாம் கோப்பில் இருக்கிறது. அன்று அதை எவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

சங்கத் தலைவர் ம்லாங்கா தாமே வந்தார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது: துப்பாக்கி ஊருடையது, நாளை நீளக் கைக்காரன் ஒருவன் உரிமம் வாங்கினால் என்ன செய்வது? அறுத்த துண்டை இரண்டு திருகுகளால் மீண்டும் பொருத்தும்படி செய்து தருவதாகச் சொன்னேன். அப்படியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"நாங்கெல்லாம் இதே உதையத்தான் வாங்கினோம். தாங்கலையா?"

"தாங்கினீங்க பாபா," என்றாள் நொமாலங்கா. "யானை மேலதான் படல."

அவர் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைச் சிறிது நேரம் ஆராய்ந்தார். பிறகு அனுமதிக் கடிதத்தின் இரண்டு படிகளிலும் கையெழுத்திட்டார்.

கட்டையின் அடியில் பொருத்தப்போகும் ரப்பர் மெத்தை இரண்டரை சென்டிமீட்டர். மிகைக் கட்டை மூன்றரை. ஆக ஆறு சென்டிமீட்டர் அறுத்தேன். குறைந்த எடைக்கு ஈடாக உள்ளே ஈயம் வைத்தேன். இடக்காலை முன்வைத்து, உடலை முன்சாய்த்து நிற்கப் பழகினாள். தோள் ஆறட்டுமென்று நான்கு நாள் வெற்றுத் தோட்டாவில் மட்டுமே விசையிழுத்தாள்; ஐந்தாம் நாள் உண்மைத் தோட்டா. தோளில் அவள் சட்டை மட்டுமே இருந்தது.

தேர்வில் முதல் நான்கு குண்டுகளும் வட்டத்துக்குள் விழுந்தன. ஐந்தாவதற்குக் கயிற்றில் இழுபட்டு அவளை நோக்கிப் பாய்ந்து வந்த, பலகையில் வெட்டிய எருமை, நெற்றியில் துளையுடன் நின்றது.

தேர்வை நடத்திய அதிகாரி ஆறடி மூன்றங்குல உயரக்காரர். பெரிய துப்பாக்கி சுட்ட பெண் ஓரடிகூடப் பின்வாங்காதது அவருக்கு ஐயத்தைத் தந்தது. தோட்டாவில் மருந்தைக் குறைத்திருக்கிறார்கள் என்று எழுதப் போவதாகச் சொன்னார். அவள் துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள்:

"மிச்சத் தோட்டா இருக்கு ஐயா. நீங்களே சுட்டுப் பாருங்க. ஆனா கட்டை உங்களுக்குக் குட்டை—"

அவர் காத்திருக்கவில்லை. சுட்டார். விசையருகே கட்டையைப் பற்றியிருந்த அவருடைய கட்டைவிரலே அவர் மூக்கில் இறங்கியது.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மருந்து முழு அளவுதான் என்பதை அவரிடம் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது எப்பவும் இப்படித்தான் அடிக்குமா?"

"எனக்கு இல்லைங்க ஐயா."

பேனாவைக் கேட்டு வாங்கி, "தேர்ச்சி" என்று எழுதினார்.