பேடியாக்கும், இல்லியா?

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு வரும், எப்போது கவிழும் என்று துருவித் துருவிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். அதற்கென்றே பிறந்தவள் நான். எதைப் பார்த்தாலும் இது எப்படிக் கெட்டுப்போகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் சாலையைக் கடக்கவேண்டுமென்றால், தூரத்தில் வரும் பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். கூட வந்தவர்கள் எதிர்ப்பக்கம் போய் டீ குடித்து முடித்திருப்பார்கள்.

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் 'பேடித்தொண்டி'. எங்கள் ஊரில் பயந்தாங்கொள்ளிப் பெண்ணுக்கு அப்படித்தான் பெயர். பேடி என்றால் எங்களுக்குப் பயம், அவ்வளவுதான். மலையாளத்திலிருந்து வந்து, நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்து வீட்டுத் தமிழில் ஒட்டிக்கொண்ட எத்தனையோ சொற்களில் அதுவும் ஒன்று. அது வெளியிலிருந்து வந்த சொல் என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது.

ஓண வாரத்தில் பொருட்காட்சிக்குப் போனால் ராட்டினத்தில் ஏறாத ஒரே ஆள் நான்தான். சின்ன வயதிலிருந்தே அப்படி. அண்ணன்மார், சித்தப்பா பிள்ளைகள், பிற்பாடு கணவர், மகள் என்று எல்லோரும் வரிசையில் போய் நிற்பார்கள். குடை, செருப்பு, கைப்பை, பாதி தின்ற சோளப்பொரி எல்லாம் என் கையில் வந்து சேரும். "நீ இங்கேதானே நிப்பே" என்பார்கள். கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். நானும் கீழே நின்று கையை ஆட்டி ஆட்டியே வளர்ந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவளைத்தான் கம்பெனி மலேசியாவுக்கு அனுப்பியது. கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த புரோகிராமை அங்கேயே உட்கார்ந்து சோதித்துப் பார்க்கவேண்டும். கூட வந்த சக ஊழியர், மனைவிக்குப் பிரசவ நேரம் என்று முன்னதாகவே ஊர் திரும்பிவிட்டார். வேலை நல்லபடியாக முடிந்து, விமானம் ஏறுவதற்கு முன் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்தது. ஓட்டலில் இருந்தவர்கள், மலைமேல் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது, அவசியம் பார்க்கவேண்டும் என்றார்கள்.

தொலைபேசியில் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு கடல் தாண்டி வந்தது. "போயிட்டு வா. ஆனா நீ ஒண்ணுலயும் ஏறமாட்டே. வேணும்னா எழுதித் தரேன், கேட்டியா" என்றார். பின்னாலிருந்து ஏழு வயது மகள், "அம்மைக்குப் பேடியாணு" என்று மலையாளத்தில் ராகம் போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவை எப்படியாவது ஒன்றிலாவது ஏறிவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று போனை வைத்துவிட்டு முடிவு செய்தேன். யாரும் கூட இல்லை, பைகளைக் காவல் காக்க வேண்டியதில்லை, இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

மலைப்பாதை எங்கள் ஊர்ப் பொன்முடி மலைக்குப் போகிற மாதிரியே வளைந்து வளைந்து போயிற்று. மேலே அதே பனிமூட்டம், அதே குளிர். கேட்டுக்குள் நுழைந்ததுமே மனசு லேசாகிவிட்டது. பாட்டு, பலூன், ஐஸ்கிரீம், எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிக்கிற முகங்கள். ஒரு முழு நாள் எனக்கே எனக்கு. அடுப்பில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டாம், யாருக்குப் பசிக்கிறது என்று கேட்க வேண்டாம். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் தனியாக வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

அந்தச் சந்தோஷமெல்லாம் ரோலர் கோஸ்டர் கண்ணில் படுகிறவரைதான். தண்டவாளம் மேகத்துக்குள் ஏறிப்போய், அங்கிருந்து தலைகுப்புற விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி எழுந்தது. நான் என் தொழில் புத்தியோடு ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க ஆரம்பித்தேன். எது முதலில் கழன்று விழும் என்று கணக்குப் போட்டேன். கால்கள் தாமாகவே எதிரே இருந்த பெஞ்சுக்குக் கொண்டுபோய் என்னை உட்கார வைத்துவிட்டன. கொஞ்ச நேரம் கழித்து ஏறலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போது ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கல்லூரி படிக்கும் வயதில் இரண்டு பெண்கள். அப்பாவைப் பைகளோடு என் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு மற்ற மூவரும் வரிசைக்குக் கிளம்பினார்கள். மூத்த பெண் என் பொட்டையும் சுடிதாரையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "ஆன்ட்டி, நீங்க இங்கதான இருப்பீங்க? அப்பா எழுந்து போனா பைய கொஞ்சம் பாத்துக்குங்க லா" என்று மலேசியத் தமிழில் இழுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடல் கடந்து வந்தாலும் என் முகத்தில் இது எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன! வெட்கம் பிடுங்கித் தின்றாலும், பழக்கதோஷம், தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

அந்த மனிதருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியராம். தமிழ்நாடா என்று கேட்டார். இல்லை, திருவனந்தபுரம், ஆனால் வீட்டில் தமிழ்தான் என்றேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "பசியாறிட்டீங்களா?" என்று அழகாகக் கேட்டு, வறுத்த கடலைப் பொட்டலத்தை நீட்டினார். நீங்கள் ஏறவில்லையா என்று கேட்டேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு என்றார். டாக்டர் ஏறக்கூடாது என்றாரா என்றால், அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றார். பிறகு கண்ணாடி கழன்று விழுந்துவிடும் என்றார். கடைசியில், பைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றார். ஒவ்வொரு தடவை வண்டி மேலிருந்து விழும்போதும் அவர் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

இந்தச் சாக்குகளெல்லாம் எனக்கு அத்துப்படி. உலகத்தில் எனக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிட்டதே என்று உள்ளம் பூரித்துப்போனேன். அவர் பக்கம் சாய்ந்து, மிகுந்த பரிவோடு கேட்டேன்.

"பேடியாக்கும், இல்லியா?"

அவர் கடலை மெல்லுவதை நிறுத்தினார். "தங்கச்சி, இப்ப என்ன சொன்னீங்க?"

காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக, இன்னும் பரிவாகச் சொன்னேன். "பேடியாக்கும்னு கேட்டேன். சாரமில்லை."

சாரமில்லை என்றால் எங்கள் ஊரில் பரவாயில்லை என்று அர்த்தம். ஒருவரைத் தேற்ற இதைவிட இதமான சொல் எங்களிடம் கிடையாது.

அவர் முகம் சிவந்துவிட்டது. பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து நின்றார். "நான் பேடியா? பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு, பைகளை அப்படியே பெஞ்சில் விட்டுவிட்டு விறுவிறுவென்று வரிசையை நோக்கி நடந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டியவள் நான். அதைப் போட்டுவிட்டும் போக முடியாது, அவரைக் கோபத்தோடு விடவும் முடியாது. இருந்த பைகளையெல்லாம் வாரிக் கட்டிக்கொண்டு, சார் சார் என்று பின்னாலேயே ஓடினேன். அவர் கம்பித் தடுப்புக்குள் நுழைந்தார். நானும் நுழைந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து அடைத்துக்கொண்டது. வரிசை நகர நகர நான் அவர் முதுகைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன். பதற்றத்தில் என் தமிழில் மலையாளம் கூடிக்கொண்டே போயிற்று. அவர் திரும்பவே இல்லை.

மேடைக்கு வந்துவிட்டோம். சீருடை போட்ட ஒரு மலாய்ப் பெண் இரண்டு விரலைக் காட்டி, இரண்டு பேரா என்று கேட்டாள். அவர் கம்பீரமாகத் தலையசைத்தார். அந்தப் பெண் என் கையிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக வாங்கி எதிரே இருந்த அலமாரியில் வைத்தாள். என் கைப்பையையும் வாங்கிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, பக்கத்தில் ஒரு சிறிய கதவைக் காட்டி, வேண்டாமென்றால் இதன் வழியாகக் கீழே போய்விடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்தக் கதவு எனக்காகவே செய்து வைத்தது போலிருந்தது. அதன் வழியே போனால் பழைய பெஞ்சு. ஊருக்குப் போய் ஏறினேன் என்று புளுகினால்கூடக் கேட்பாரில்லை. ஆனால் என் இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன. இப்படி ஒரு இடத்தில் நான் கையில் எதுவுமில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. இனி என்ன சாக்கு சொல்வது? போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தோள்மேல் கம்பி வந்து விழுந்தது.

வண்டி கடகடவென்று மேலே ஏறியது. கீழே பெஞ்சு சின்னதாகிக்கொண்டே போய்ப் பனியில் மறைந்தது. அதுவரை வாயே திறக்காதவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எனக்கு ரொம்ப பயமா இருக்கு" என்றார்.

எனக்கும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டி விழுந்துவிட்டது.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆபத்து வந்தால் வாயில் வீட்டுப் பாஷைதானே வரும்? "அம்மே, பேடி! பேடி!" என்று நான் அலறினேன். பக்கத்திலிருந்து "நான் இல்ல! நான் இல்ல!" என்று அவர் அலறினார். தலைகீழாகச் சுற்றும்போதும் நான் பேடி என்றேன், அவர் இல்லை என்றார். மலை முழுக்க எதிரொலித்திருக்கும். கடைசி வளைவில் எனக்குள் என்னவோ மடை திறந்த மாதிரி ஆகி, அலறல் சிரிப்பாக மாறிவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் சிரித்ததில்லை. வண்டி நின்ற பிறகும் அடங்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடி மூக்கிலேயே பத்திரமாக இருந்தது.

வெளியே அவர் மனைவியும் பெண்களும் காலிப் பெஞ்சைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பைகளை எடுத்துக்கொண்டு தள்ளாடியபடி படியிறங்கி வருவதைப் பார்த்து இளையவள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ வருடமாக அவர்கள் கெஞ்சியும் நடக்காத காரியமாம் அது. "இந்தத் தங்கச்சிதான் என்ன பேடின்னு ரோஷப்படுத்தி ஏத்திவிட்டாங்க" என்றார் அவர் பெருமையாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் பேடி என்பது ஆண்மையில்லாத கோழை என்று திட்டுகிற சொல். ஒரு தமிழ் வாத்தியாரை, அதுவும் சற்றுமுன் கடலை கொடுத்தவரை, முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லி, போதாக்குறைக்கு உம்மிடம் சரக்கே இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன்! காதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் பேடி என்றால் வெறும் பயம், சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று விளக்கினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் மனைவி என் கைப்பையை உரிமையோடு வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "எனக்கு ஒரு தடவ போதும். நீங்க அத்தன பேரும் இன்னொரு சுத்து போயிட்டு வாங்க, நான் பாத்துக்குறேன்" என்றார். என் பையை இன்னொருவர் வைத்துக்கொள்ள, நான் கையை வீசிக்கொண்டு வரிசைக்குப் போனேன். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த நடை ஞாபகம் வந்து குதிகால் எழும்புகிறது.

வண்டி விழும்போது அங்கே ஒரு கேமரா தானாகவே படம் எடுக்குமாம். அந்தப் பெண்கள் எங்கள் முதல் சவாரியின் படத்தை வாங்கி என்னிடம் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டில் அதைக் காட்டினேன். கண்ணை மூடி, வாயைப் பிளந்து, தலைமுடி வானத்தைப் பார்க்க நான். என் முழங்கையைப் பிடித்துத் தொங்கியபடி கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். கணவர் வெகுநேரம் பார்த்தார். "இவர் யாராக்கும்?" என்று கேட்டார். நான் பேடி என்று திட்டிய மனிதர் என்றேன். கதையைக் கேட்டு மகள் தரையில் புரண்டு சிரித்தாள்.

அந்த வருட ஓணத்துக்கு ராட்டினத்தின் கீழே நின்றபோது, என் கைப்பை, குடை, செருப்பு எல்லாவற்றையும் கணவரிடம் நீட்டினேன். "நீங்க இங்கேதானே நிப்பேள்" என்றேன். மேலேயிருந்து பார்த்தபோது அவர் சோளப்பொரியோடு நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நானும் மகளும் போட்ட கூச்சல் அவருக்குக் கேட்டிருக்கும்.

அதற்காக நான் வீராங்கனை ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தம்பானூரில் இன்றும் நான் சாலையைக் கடக்கிற அழகைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் சிரிக்கிறார்கள். புது வேலை, ஆஸ்பத்திரி வாசல், மகளைத் தனியாக வெளியூர் அனுப்பிய நாள் என்று ஒவ்வொன்றிலும் பயம் வரத்தான் செய்தது. அப்போதெல்லாம் அந்த மலையையும் மேடையில் வெறுமையாக இருந்த என் இரண்டு கைகளையும் நினைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ச் சொல்லையும் அந்த வாத்தியார் ஊர்ச் சொல்லையும் சேர்த்து எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்: எனக்குப் பேடி உண்டு, ஆனால் நான் பேடி இல்லை.