நான் எடுக்கச் சொன்ன இழை

கல்யாண மண்டபத்து மேடையில் பத்தடி அகலத்துக்கு ஒரு பேனர் தொங்கியது. கறுப்பு வானம், நடுவில் சக்கரம்போல ஒரு பெரிய கேலக்ஸி, தள்ளி எலுமிச்சம்பழம் அளவில் ஒரு குட்டி கேலக்ஸி. அச்சடிக்கக் கொடுத்தவன் நான். மண்டபம் பிடித்ததும் நான். பிள்ளையார்பாளையத்தில் ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கி, இன்று மூன்று மாடியில் பட்டுக்கடை வைத்திருப்பவன், தங்கச்சி மகளின் ஆராய்ச்சிக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?

"வானத்தைப் பார்த்துக்கினு உக்காந்தா எவன் கட்டிப்பான்" என்று தெருவே அவளைக் கேலி செய்திருந்தது. பட்டம் வாங்கியதும், அதே தெருவுக்குத் தன் வேலையைப் புரியவைக்க ஆசைப்பட்டாள். முக்கியமாக, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவுக்கு.

நன்றாகத்தான் பேசினாள். பெரியதைச் சின்னது சுற்றிவருகிறதாம். சுற்றும்போதே பெரியதன் ஈர்ப்பு சின்னதிலிருந்து நட்சத்திரங்களை உருவிவிடுகிறதாம். அவை அது போகும் வழியில் முன்னும் பின்னும் நீண்ட இழையாகப் படர்கின்றன. அந்த இழையின் வளைவைப் பார்த்தால், சின்னது எப்படிச் சுற்றிவந்தது என்று சொல்லிவிடலாமாம். "மூணு வருஷமா நான் பார்த்ததெல்லாம் இந்த ஒரு இழையைத்தாம்மா" என்று சொல்லிவிட்டு, காட்டத் திரும்பினாள். கை அந்தரத்தில் நின்றது. அங்கே வெறும் கறுப்பு.

புடவையை விரித்துக் காட்டுமுன் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது எங்கள் தொழில் புத்தி. முதல்நாள் அச்சுக்கடையில், குட்டி கேலக்ஸியிலிருந்து மங்கலாக ஒரு பிசிறு ஓடுவதைப் பார்த்து, அதை எடுத்துவிடச் சொன்னேன். "படத்துலயே இருக்குது சார், பாப்பாவைக் கேட்டுக்கலாமே" என்றார் அச்சுக்கடைக்காரர். நாற்பது வருஷமாகக் குறை பார்க்கிற கண்ணுய்யா இது என்று அதட்டினேன்.

"மாமா, இங்க ஒரு இழை இருந்துதே?" என்றாள்.

"அச்சடிச்சவன் விட்டுட்டாம்மா" என்றேன், மைக்கில்.

அச்சுக்கடைக்காரர் கடைசி வரிசையில்தான் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவள் காற்றில் விரலால் வளைவு வரைந்து காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். என் தங்கை மட்டும் பேனரையே பார்த்தபடி, "எங்கடி இருக்குது?" என்று கேட்டாள்.

தங்கச்சி மகளிடம் உண்மையை இதுவரை நான் சொன்னதில்லை. அச்சுக்கடைக்காரரும் சொல்லவில்லை. இன்றும் என் கடை வேலையெல்லாம் அவரிடம்தான். ஒவ்வொரு முறையும் ஒரு தாளை நீட்டுகிறார். "எதை எடுக்கணும்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க சார்" என்கிறார், மரியாதையாகத்தான். ஊரே மதிக்கிற கையெழுத்து. அந்தத் தாளில் போடும்போது மட்டும் கை கூசுகிறது.