மூன்று வாய், ஒரு பிடிவாதம்

தையல் ஆலையில் அவளுக்குக் 'கத்தரிப்பல்' என்று பெயர். காலரைத் தைத்து முடித்ததும் தொங்கும் நூலை முன்பல்லால் 'டக்'கென்று கடித்து அறுத்துவிட்டு அடுத்த சட்டைக்குப் போய்விடுவாள். பதினோரு வருடப் பழக்கம். ஒரு நாள் கெட்டி நூல் ஒன்றைக் கடித்தபோது நூல் அறுபடவில்லை. பல்லின் ஓரம்தான் குருணை போலப் பெயர்ந்து ஊசிக்குப் பக்கத்தில் விழுந்தது.

உடைந்த இடத்தைப் பல் மருத்துவர் பூசிச் சரிசெய்தார். "பல்லு கத்தரி இல்லம்மா. இனி நூலைக் கடிச்சீங்கன்னா இந்தப் பூச்சும் நிக்காது," என்றவர், கையுறையைக் கழற்றியபடியே கேட்டார்: "வீட்ல மத்தவங்க பல்லெல்லாம் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு டாக்டர்."

படியிறங்கும்போதுதான் உறைத்தது: வீட்டில் யார் வாயையும் அவள் பார்த்ததே இல்லை.

அன்று மாலையே மகளை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். ஏழு வயது, கடைவாய்ப் பால்பல்லில் மிளகளவு கருப்பு. அடுத்து, பள்ளி வேன் ஓட்டும் கணவர். டார்ச்சைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்கும் அது விழப்போற பல்லுதானே?"

"அப்போ ஏன் ஒரு மாசமா இடது பக்கமாவே மெல்லுறீங்க?"

மனிதர் வேனைத் துடைக்கப் போவதாகச் சொல்லி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை இருவரையும் கிளப்பிக் கூட்டிப்போனாள். மருத்துவமனையில் உள்ளேயிருந்து எந்திரத்தின் 'கொய்ங்' சத்தம் கேட்டதுதான் தாமதம், கணவர் எழுந்துவிட்டார். "டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துட்டு வந்துடறேன்."

"பால்பல்லுதானேன்னு விடக்கூடாது. அடுத்த பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கிறதே இதுதான்," என்று சொல்லி, மகளின் சொத்தையைச் சுரண்டி அடைத்தார் மருத்துவர்.

"பஸ்ல பை வச்சு இடம் பிடிக்கிற மாதிரியா?" என்றாள் மகள்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் நேராக வெளியே போனாள். வேன் உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள்.

"நகரு, யாராவது பாப்பாங்க."

"பாக்கட்டும். இருபது பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற ஆளு, ஒரு நாற்காலிக்குப் பயந்து ஓடறீங்களே!"

எஞ்சின் அணைய ஐந்து நிமிடம் ஆனது.

"ரொம்ப வலிக்குமா?" குரல் அவருடையதாகவே இல்லை.

"மரத்துப்போக ஊசி போடுவாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன், வாங்க."

ஒரு கடைவாய்ப்பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்க வேண்டியதாயிற்று. பக்கத்துப் பல் மயிரிழையில் தப்பியது. மரத்த உதட்டோடு அவர் ஏதோ சொன்னார், ஒருவருக்கும் விளங்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் அவள் வைத்ததே சட்டம். காலையிலும் படுக்கப்போகுமுன்னும் இரண்டிரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரவு துலக்கியபின் தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. "ஒரே ஒரு பிஸ்கட்மா" என்று மகள் கெஞ்சினாலும் மசியமாட்டாள். அப்பாவும் மகளும் கூட்டணி போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

ஆலையில் அவளுக்கே சோதனைதான். வாய் தானாக நூலைத் தேடிப் போகும். கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வேகம் குறைந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தார்.

"கத்தரி மழுங்கினா வேற குடுப்பீங்க சார். பல்லு குடுப்பீங்களா?"

அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார். இரண்டே மாதத்தில் பழைய வேகம் திரும்பியது.

ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனை. "நான்தான் முதல்ல" என்று கணவரே நாற்காலியில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூவரையும் பார்த்து முடித்த மருத்துவர், புதிதாக ஒரு சொத்தைகூட இல்லை என்றார். அவள் அடுத்த ஆறு மாதத்துக்கும் அங்கேயே தேதி குறித்துக்கொண்டு கிளம்பினாள்.