வணக்கம் வந்தது, எச்சரிக்கை வரவில்லை

காலையில் அலுவலகத்துக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை, எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். "நம் நிறுவனத்தின் அன்புக்குரிய அவர்களின் மறைவுச் செய்தியை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." அன்புக்குரிய யார்? பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. முன்பே எழுதி வைத்த இரங்கல் கடிதத்தில் பெயரை நிரப்ப வேண்டிய கணினி நிரல், நிரப்பாமலே எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பச்சை டிக்கும் போட்டுக்கொண்டது. விடுப்பில் இருந்தவள் ஒருத்திதான். எனக்கு எதிரே இருந்த அவள் நாற்காலியைப் பார்த்தேன். எங்கள் குழு மேலாளர் சங்கரன் அண்ணாச்சி கதவைத் திறந்து, "கோமதி, நம்ம ரெஜினா போயிட்டாம்மா" என்றார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ரெஜினாவின் சாவுச் செய்தியிலேயே இப்படி ஒரு பிழையா? அவள் இருந்திருந்தால் அந்த மின்னஞ்சலை அனுப்பியவரிடமே போய் நின்று, "அனுப்பியாச்சுன்னு சொல்லுதீங்களே, என்னத்த அனுப்புனீங்க?" என்று கேட்டிருப்பாள்.

கடற்கரையில் இருக்கும் அவள் ஊரான உவரியில் அடக்கத்துக்கு வந்திருந்த அவள் உறவினர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் அவள் அப்படி என்னதான் வேலை பார்த்தாள்? அங்கே அதை விளக்க நேரமில்லை. இங்கே சொல்கிறேன். நம் கைபேசியில் இருக்கும் செயலி எங்கோ இருக்கும் சர்வரிடம் ஒன்றைக் கேட்கும். சர்வர் பதில் சொல்லும், பதிலோடு ஒரு எண்ணும் தரும். இருநூறு என்றால் எல்லாம் சரி. நானூறு என்றால் நீ அனுப்பியதில் கோளாறு. ஐந்நூறு என்றால் என்னிடம் கோளாறு. இந்தக் கேள்வியையும் பதிலையும் சோதிப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. எங்களில் பலரும் இருநூறைக் கண்டதும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். ரெஜினா கிளம்பமாட்டாள். இருநூறு வந்த பிறகுதான் அவளுக்கு வேலையே தொடங்கும்.

ஒரு நாள் எங்கள் குழுவில் இருக்கும் அருணுக்கு எதை அனுப்பினாலும் நானூற்று ஒன்று வந்தது. உன்னை யாரென்றே தெரியாது, உள்ளே விடமாட்டேன் என்று அதற்குப் பொருள். வாடிக்கையாளரின் சர்வர்தான் சரியில்லை என்று தொலைபேசியில் சண்டைக்கே போய்விட்டான். அலுவலக வாசலில் ஓடும் வண்ணார்பேட்டைப் பேருந்துகளின் ஹாரனை மீறி அவன் குரல் கேட்டது. ரெஜினா பைய எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "லே, போனதையும் காட்டு, வந்ததையும் காட்டு. நடுவுல கதை வேண்டாம்" என்றாள். அனுமதிச் சாவியை வாட்ஸப்பிலிருந்து அவன் நகலெடுத்து ஒட்டியிருந்தான். அதன் வாலில் ஓர் இடைவெளியும் சேர்ந்து ஒட்டியிருந்தது. ஒரு தட்டுத் தட்டி அதை அழித்தாள், கதவு திறந்தது. "போன்ல இப்பம் என்ன சொல்லப் போற?" என்று கேட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிட்டாள். அருண் அன்று முழுக்க அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவளை நாங்கள் எல்லோரும் அடிக்கடி திட்டியிருக்கிறோம், அதை மறைக்க விரும்பவில்லை. முசுடு, வீம்பு பிடித்தவள், வேலையை முடிய விடமாட்டாள். எல்லாம் உண்மைதான். அந்த வீம்பு என்ன செய்தது என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

கடலில் காற்று மாறினால் மீனவர்களின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒரு சேவையைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். நாங்களெல்லாம் சின்னதாக ஓர் ஆங்கில வரியை அனுப்பிச் சோதித்தோம். இருநூறு, இருநூறு, இருநூறு. பட்டியல் முழுக்கப் பச்சை. ரெஜினா மட்டும் நிஜமாகவே போகப் போகிற செய்தியைத் தமிழில் அப்படியே போட்டு, உவரியில் வள்ளம் வைத்திருக்கும் தன் அண்ணன் அந்தோணிக்கு அனுப்பினாள். அதற்கும் இருநூறுதான் வந்தது. பிறகு அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். இதுதான் அவள் வழக்கம். சர்வர் சொல்வதைக் கேட்பாள், ஆனால் வாங்கிக்கொண்டவர் வாயால் வாசித்துக் காட்டினால்தான் நம்புவாள்.

ஸ்பீக்கரில் அந்தோணி அண்ணன் வாசித்தார். "மீனவச் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் எங்களது அன்பு கலந்த வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் மேலான கவனத்திற்கு..." அத்தோடு நின்றுவிட்டார்.

"பொறவு?"

"பொறவு ஒண்ணும் இல்ல பிள்ள. வணக்கம் வந்திருக்கு. விஷயம் வரல."

தமிழ் எழுத்துக்கு ஆங்கில எழுத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை தன் அளவுக்கு மேல் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டியதைப் பற்றி வாயே திறக்காமல் இருநூறு சொல்லியிருக்கிறது. வெட்டுப்பட்டது காற்றும் அலையும். தப்பித்தது வணக்கம். கடுதாசி என்றால் நாலு வரி மரியாதை எழுதிவிட்டுத்தானே நாம் விஷயத்துக்கே வருவோம்? அந்தப் பழக்கம் ஒரு வள்ளத்தையே கவிழ்த்திருக்கும்.

மறுநாள் கூட்டத்தில் வாடிக்கையாளர் தரப்புப் பெரியவர் வணக்கத்தை எடுக்கவே கூடாது என்றார். மரியாதை இல்லாமல் போய்விடுமாம். அண்ணாச்சி பேசாமல் இருக்கும்படி கண்ணால் ஜாடை காட்டினார். ரெஜினா எழுந்தே நின்றுவிட்டாள். "சார், எங்க அண்ணன் நடுக்கடல்ல நிக்கான். அவனுக்கு உங்க வணக்கம் வேண்டாம். காத்து எப்பம் வருதுன்னு சொன்னாப் போதும்." பெரியவர் முகம் கறுத்துவிட்டது. சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போட அவள் மறுத்துவிட்டாள். சர்வரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "முழுசா அனுப்பு. முடியலையா, முடியலைன்னு சொல்லு. பாதியைக் குடுத்துட்டு முழுசுன்னு சொல்லாத." வேலை போய்விடும் என்று நானே அவளைக் கெஞ்சினேன். "போனா போகட்டும்ட்டி" என்றாள். கடைசியில் வணக்கத்தை எடுத்தார்கள், எச்சரிக்கை முதல் வரிக்கு வந்தது. செய்தி நீண்டால் நானூறு என்று மறுக்கும்படி சர்வரையும் மாற்றினார்கள். மாற்றியதை யாரும் மறுபடி கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள, அந்தப் பழைய நீள வணக்கச் செய்தியையே ஒரு நிரந்தரச் சோதனையாக எழுதி வைத்தாள். முழுசாகப் போனாலோ நானூறு வந்தாலோ பச்சை, பாதி போய் இருநூறு வந்தால் சிவப்பு.

நோய் வந்தபோதும் அவள் அப்படித்தான் இருந்தாள். எல்லாம் நார்மல் என்று ஆஸ்பத்திரியில் முதலில் சொன்னார்கள். "நார்மல்னா எனக்கு ஏன் வலிக்கு?" என்று கேட்டு வேறு ஸ்கேனுக்குப் போனாள். அந்த நம்பாமைதான் அவளைச் சில வருடங்கள் எங்களோடு இருக்க வைத்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவளைப் பார்த்து அருண் கண் கலங்கினான். "ஏலே, முடிதான் போச்சு. உன் தப்பைக் கண்டுபிடிக்க முடி எதுக்கு?" என்றாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணம். செய்தியைக் கொண்டுசேர்க்கும் சேவையை எங்கள் நிறுவனம் இப்போது மாற்றியிருக்கிறது. புதியது வேகமானது, எல்லாச் சோதனையும் பச்சை. ரெஜினாவின் சோதனை மட்டும் சிவப்பு. அடக்கம் முடிந்து நான் திரும்பி வந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "அதைத் தூக்கிரும்மா. வெள்ளிக்கிழமை வெளியிடணும். வணக்கத்தைத்தான் எப்பமோ எடுத்தாச்சே, இனி அவ்வளவு நீளமா யாரு அனுப்பப் போறா?"

யார் அனுப்பப் போகிறார்கள் என்றா கேட்கிறார்? நாளைக்கு இன்னொரு பெரியவர் வருவார், இன்னொரு வணக்கத்தோடு வருவார். நம் ஊரில் வணக்கத்துக்கா பஞ்சம்? அண்ணாச்சி முன்னாலேயே அந்தச் சோதனையை மறுபடி ஓட்டினேன். நீளமான செய்தி போனது. சர்வர் இருநூறு என்றது. "பாத்தியா, போயிட்டு" என்றார் அண்ணாச்சி.

என் கைபேசி அடித்தது. உவரியிலிருந்து அந்தோணி அண்ணன். அந்தச் சோதனையில் வாங்கிக்கொள்ளும் எண் அவருடையது என்பதே துக்கத்தில் எனக்கு மறந்து போயிருந்தது. தங்கச்சியைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த மனிதர், யாரும் கேட்காமல் அவராகவே கூப்பிடுகிறார்.

"பிள்ள, மெசேஜ் ஒண்ணு வந்திருக்கு. ரெஜினா வாசிக்கச் சொல்லுவாள்லா... வாசிக்கட்டா?"

ஸ்பீக்கரில் போட்டேன். கரகரத்த குரலில் எழுத்துக்கூட்டி வாசித்தார். வணக்கம் முழுசாக வந்திருந்தது. தங்கள் மேலான கவனத்திற்கு என்பதோடு நின்றுவிட்டது.

"பொறவு ஒண்ணும் இல்ல பிள்ள" என்றார். "அவ இருந்தா இதை விட்டிருக்க மாட்டா."

"நானும் விடமாட்டேன் அண்ணே" என்றேன். அப்போதுதான் அழுதேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். இன்னும் எந்த முடிவும் சொல்லவில்லை.

அவளை அறிந்தவர்களே, அவளுடைய காபிக் கோப்பையோ மேசையிலிருந்த மாதா படமோ எனக்கு வேண்டாம், அவற்றை அவள் வீட்டார் எடுத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது அந்தச் சிவப்புச் சோதனை. அதை எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வரும், போகும். சர்வர் ஆயிரம் தடவை சரி என்று சொல்லட்டும். அந்தோணி அண்ணன் காற்று எப்போது வருகிறது என்பதைக் கடைசிச் சொல் வரைக்கும் வாசித்துக் காட்டுகிறவரை நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.