இரண்டு முறை அழுத்த வேண்டிய பொத்தான்

எங்கள் கல்லூரியின் ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்புப் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். முதல் தடவை அழுத்தினால் விளக்கு மின்னும். ஹெட்போனில் எல்லாம் கேட்கும். ஆனால் எதுவும் பதிவாகாது. இரண்டாவது தடவை அழுத்தினால்தான் விளக்கு நிலைத்து எரியும், விநாடிகள் ஓடும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள்.

இறுதியாண்டுப் படத்துக்காகக் கேமரன் மலைக்குப் போன மூவரில் ஒலி என் பொறுப்பு. தேயிலைக் காட்டில் ஆயுள் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவைப் பற்றிய படம் அது. அவர் எஸ்டேட் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை ஈப்போவிலிருக்கும் மகளோடு போகவிருந்தார். திங்கட்கிழமை படத்தை ஒப்படைக்காவிட்டால் எங்கள் மூவருக்கும் தேர்ச்சி கிடையாது.

காலையில் சரிவில் படம் எடுக்கும்போது கேமராக்காரன், படத்தையும் ஒலியையும் பின்னால் பொருத்த உதவும் கிளாப் கட்டையை அவர் முகத்துக்கு முன்னால் தட்டினான். அவர் திடுக்கிட்டார்.

"பாம்ப அடிக்கிற மாதிரி அடிக்கிறியே தம்பி!"

வீட்டுக்குள் பேட்டி எடுக்கும்போது கட்டை வேண்டாம் என்று இயக்குநர் முடிவு செய்தாள். அவளும் எங்களோடு படித்தவள்தான். முடிவில் தவறில்லை. ஆனால் கட்டை தட்டுவதற்கு முன் விநாடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு "ஓடுது" என்று குரல் கொடுப்பதே என் பழக்கம். கட்டை இல்லாமல் போனதும் பார்ப்பதும் இல்லாமல் போனது. சாரலுக்குப் பயந்து கருவியைப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தேன். பையின் உள்ளே ஆவி படிந்திருந்தது. பொத்தானை அழுத்தினேன். சிவப்பாக ஏதோ தெரிந்தது. "ஓடுது" என்றேன்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேமராவின் சொந்த மைக்கில் கூரைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் விழாது. அவர் ஸ்வெட்டரில் குத்தியிருந்த சின்ன மைக்தான் நம்பிக்கை.

அம்மா தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அவர் எஸ்டேட் லோரி ஓட்டியவர். மழை பெய்த ஒரு காலையில், கோலா தெர்லா பாதையில் மண் சரிந்து லோரியோடு போய்விட்டார். அதற்கு முதல் நாள் இரவு இருவருக்கும் சண்டை.

"காலையில தேத்தண்ணி கேட்டாரு. குசினில தண்ணி கொதிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வேணும்னா நீங்களே ஊத்திக்குங்கன்னுட்டேன். ஊத்திக்கல. போயிட்டாரு."

அவர் மூச்சு மூக்கில் சிக்கி வெளியே வருவது எனக்குக் காதோரம் கேட்டது.

"இத யாருகிட்டயும் சொன்னதில்ல. மவளுக்கும் தெரியாது. மூஞ்சியப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல. படத்துல வரட்டும். அப்படியாச்சும் அவ தெரிஞ்சிக்கட்டும்."

காரில் திரும்பும் வழியில், கியா பார்ம் சந்தை அருகே வாகனங்கள் நகராமல் நின்றன. கேமராக்காரன் மடிக்கணினியைத் திறந்தான்.

"மச்சான், பேட்டி பைல் எங்க?"

"அதுலதான்லா இருக்கும்."

"காலைல எடுத்த மூணுதான் இருக்கு."

நான் வாங்கிப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தன. கருவியின் மெமரி கார்டைக் கழற்றி மறுபடியும் சொருகினேன். மூன்றுதான்.

இயக்குநர் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு என்னடா கேட்டுக்கிட்டு இருந்த?"

"எல்லாத்தையும் கேட்டேன்."

அது உண்மை. கதவைத் திறந்து இறங்கி, ஸ்ட்ராபெரி விற்கும் கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தேன். கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டார். காரைத் திருப்பினோம்.

அம்மாவின் வீட்டு வாசலில் வேன் நின்றது. மழைக்குப் பாதையை மூடிவிடுவார்களோ என்று பயந்து மகள் ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்தார். அலமாரி, கட்டில் எல்லாம் வேனில் ஏறிவிட்டன.

"அம்மா, என் தப்பு. உங்க குரல் பதிவாகல."

அவர் என்னைப் பார்த்தார். "அவ்வளவு நேரம் பேசினேனே தம்பி. ஒண்ணுமே ஏறலியா?"

"ஏறலம்மா."

அவர் வேன் பக்கம் பார்த்தார். மகள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அது போச்சு."

"போச்சும்மா."

அப்பாவைப் பற்றிய பேட்டி பதிவாகவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னதும் மகள் சிரித்தார். "என்னம்மா, ரிட்டயரானதும் நடிகையாயிட்டியா? ரீடேக்கெல்லாம் கேக்குறாங்க! அரை மணிதான், சொல்லிட்டேன். வேன்காரரு கத்துவாரு."

வெளியே காத்திருக்க முடியுமா என்று இயக்குநர் மெல்லக் கேட்டாள்.

"எங்கப்பா கதைதானே? நானும் கேக்குறேன்லா."

வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

காலி அறை எதிரொலித்தது. மூட்டையிலிருந்து ஒரு கம்பளியை உருவிச் சுவரில் தொங்கவிட்டேன். மழை நின்றிருந்தது. பையை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். விநாடிகள் ஓடின. நான் கண்ணை எடுக்கவில்லை.

அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதே வரிசையில் சொன்னார். முதல் நாள் இரவு, மழை, காலை. சண்டை மட்டும் அதில் வரவில்லை.

"தேத்தண்ணி கேட்டாரு. பிளாஸ்க்குல ஊத்திக் குடுத்தேன். சீனி கொஞ்சம் தூக்கலா. வாங்கிட்டுப் போனாரு."

மகளின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது. "குடிச்சிருப்பாராம்மா?"

"குடிச்சிருப்பாரு."

இயக்குநர் என்னைப் பார்த்தாள். மறுபடி கேட்கவா என்று அவள் கண் கேட்டது. திங்கட்கிழமைக்கு இது போதும். சத்தமும் காலையில் எடுத்தவற்றைவிடச் சுத்தமாக இருந்தது. நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்றேன்.

பேட்டி முடிந்ததும் அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்க அது உதவும். யாரும் பேசவோ அசையவோ கூடாது. மகள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். வெளியே தாழ்வாரத்தில் நீர் சொட்டியது. அம்மா என் ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது விநாடி ஆயிற்று. நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான். நாற்பத்தைந்து வரை சொல்லவில்லை.

அவரே மைக்கைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இந்தத் தடவ ஏறிடுச்சா தம்பி?"

"ஏறிடுச்சும்மா."