சைரனுக்குப் பின் வரும் பாட்டு

என் தம்பி அறிவழகன் ‘வெண்புழுதி’ குழுவின் பாட்டைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். செந்துறை பஸ்ஸில் அதைப் போட்டுவிட்டால் இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பான். இத்தனைக்கும் அந்தப் பாட்டில் தாளம் போட்டிருப்பது அவனேதான்.

பிளஸ் ஒன் படிக்கும்போது மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. பிரசாத் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவான். ஜெயசித்ராவுக்குக் கீபோர்டு. இவனுக்கு டெஸ்க்கும் இரண்டு குச்சியும். ஒரு மதியம் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டுச் செல்போனில் பாட்டைப் பதிவு செய்தார்கள். பாதியில் மைன்ஸ் சைரன் ஊதிவிட்டது. சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைக்கும் நேரம். சைரன் கேட்டால் வெடி விழும்வரை கையிலுள்ள வேலையை நிறுத்துவது எங்கள் ஊர்ப் பழக்கம். இவனும் நிறுத்தினான். பிரசாத் மட்டும் பாடிக்கொண்டே இருந்தான். வெடி ‘தொம்’ என்று விழுந்ததும் இவன் மறுபடி அடித்தான்.

இன்னொரு தடவை பதிவு செய்வதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதால், அப்படியே யூடியூபில் போட்டுவிட்டார்கள். சென்னைக்காரர்கள் அந்த இடைவெளியைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என்ன கற்பனை, என்ன துணிச்சல் என்று எழுதினார்கள். பிரசாத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

பள்ளி முடிந்ததும் மற்ற இருவரும் சென்னையில் கல்லூரிக்குப் போனார்கள். இவனையும் கூப்பிட்டார்கள். “ஆறு மாசத்துல ஆட்டம் அடங்கிடும், நீ வேணா பாருக்கா” என்று சொல்லிவிட்டு மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்தான். வெடி நேரத்தில் சைரனைப் போட்டுவிட்டு, ரோட்டில் சிவப்புக் கொடியோடு நின்று ஆட்களையும் வண்டிகளையும் தடுக்கிற வேலை. ஆறு மாதம் போனது, ஆட்டம் அடங்கவில்லை. இவன் நிறுத்தி வைத்த வண்டிகளுக்குள்ளிருந்தே அந்தப் பாட்டு கேட்டது.

எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஜெயசித்ராவின் அம்மா பொன்னம்மாள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, மகள் மலேசியாவில் பாடப் போயிருக்கிறாள் என்று முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களிடம் சொல்வாள். அரிசியே வேண்டாமென்று திரும்பிவிடலாம் போலிருக்கும்.

போன மாதம் அரியலூரில் அவர்களுடைய கச்சேரி. செத்தாலும் வரமாட்டேன் என்றவன், சாயங்காலம் தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டு நின்றான். பைக்கில் போகும்போதுதான் வாயைத் திறந்தான். “மேடையில எம் பேரைச் சொல்றானான்னு பாக்கணும்க்கா. அது ஒண்ணுதான்.”

நான்கு பாட்டு முடிந்தும் சொல்லவில்லை. புதிதாக வந்த சென்னை டிரம்மரைத்தான் பிரசாத் கைதட்டச் சொல்லி அறிமுகப்படுத்தினான். தம்பி, அந்தப் பையன் ஈ ஓட்டுகிறான் என்று முணுமுணுத்தான். நன்றாகத்தான் வாசித்தான் அந்தப் பையன். அதுதான் எங்கள் இருவருக்கும் பொறுக்கவில்லை.

அப்புறம் ஸ்பீக்கரில் மைன்ஸ் சைரன் ஊதியது. அந்தப் பாட்டு வரப்போகிறதென்று கூட்டம் விசிலடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் தம்பி இல்லை.

பாட்டு உடனே தொடங்கவில்லை. பிரசாத் மைக்கைப் பிடித்தான். “இத எங்க அறிவுதான் அடிக்கணும். எங்கடா இருக்க? மேல வாடா.” டிரம்மர் எழுந்து இடம் விட்டான். பிரசாத் இரண்டு குச்சிகளையும் நீட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றான். நான் அறிவு, அறிவு என்று கத்தினேன். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. கடைசியில் அந்தப் பையனே உட்கார்ந்து அடித்தான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனைக் கண்டுபிடித்தேன். ஹாரன் சத்தத்தில் அங்கே ஒன்றும் கேட்டிருக்காது. சொன்னானா என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தான். “சைரன் கேட்டுச்சுல்லக்கா. ஆளுங்கள அப்பால போகச் சொல்றதே வேலையாப் போச்சு, காலு தானா நடந்துடுச்சு.”

வேறொருத்தன் அடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் போனான். அது எனக்குத் தெரியாதா? ஆமாம்டா என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

அரியலூர் எல்லையைத் தாண்டினோம். பிறகு வண்டியை மெதுவாக்கிக் கேட்டான்.

“எவ்ளோ நேரம்க்கா நீட்டிக்கிட்டு நின்னான்?”