ஒரே விலாசத்தில் பதினொரு பிள்ளைத்தாச்சிகள்

1998 ஒக்டோபர் முதலாம் தேதி வரை பேர்ணடெற் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இரண்டாம் தேதி பதினொன்று சேர்ந்தாற்போல் திரும்பி வந்தன.

பேர்ணடெற் கொட்டாஞ்சேனைக்காரி, வயது நாற்பத்திரண்டு. பதினாறு வருடம் புறக்கோட்டையில் ஒரு சேலைக்கடையில் நின்றவர். கடையை மூடியதும், கொழும்பில் கர்ப்பிணிகளுக்கு என்ன கவனிப்புக் கிடைக்கிறது என்று ஆராயும் ஒரு சிறிய நிறுவனத்தில் தகவல் சேகரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பட்டம் பெற்றவர்களே அந்த வேலையில் திணறினார்கள். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி நிற்கும் காலத்தில் படிவமும் கையுமாகக் கதவைத் தட்டுகிறவரை யார் உள்ளே விடுவார்கள்? பேர்ணடெற் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். முதலில் வாந்தியைப் பற்றிப் பேச்சு, பிறகு மாமியாரைப் பற்றி. சேலையின் விலையைக் கடைசியில் சொல்வதுபோல, பெயரையும் கடைசியில்தான் கேட்பார்.

அப்படித்தான் வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த லொட்ஜுக்குள்ளும் நுழைந்தார். வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே அறைக்கு ஒன்றாக இருந்தன. சில பெண்களின் கணவன்மார் முன்னே வெளிநாடு போய்விட்டார்கள். சிலருடையவர்கள் கொழும்பில் வேலை தேடி அலைந்தார்கள். பதினொரு பெண்கள் கர்ப்பமாக இருந்தார்கள். எல்லாரிடமும் கிளினிக் கார்ட் இருந்தது. பேர்ணடெற் கார்ட்டில் இருந்த விலாசத்தை அப்படியே படிவத்தில் எழுதினார். அவர் விட்ட பிழை அதுதான். பதினொரு கார்ட்டிலும் இருந்தது எதிர்வீட்டுச் சரோஜினிதேவியின் விலாசம்.

கிளினிக்கில் கார்ட் எழுதியவர், லொட்ஜில் இருப்பவர்கள் இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவர்கள் என்று சொல்லி, வீட்டு விலாசம் இல்லாமல் பதிய மாட்டார். ஓய்வுபெற்ற தட்டச்சாளரான சரோஜினிதேவி, கேட்டு வந்த முதல் பெண்ணுக்குத் தன் விலாசத்தைக் கொடுத்தார். பிறகு போனவர்கள் கேட்காமலே அதே விலாசத்தைக் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் இரத்தினசிங்கம் படிவங்களை மேசையில் பரப்பினார்.

"இதென்ன பகிடி, பேர்ணடெற்? ஒரு வீட்டில பதினொரு பிள்ளைத்தாச்சியோ? வீட்டில இருந்து நிரப்பினனீங்களோ?"

"ஐயோ சேர், ஆள் ஆளாப் பார்த்துக் கதைச்சுத்தான் எழுதினேன்."

"அப்ப செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு நானும் வாறன். அங்க அவையைக் காணேல்லையெண்டால் நீங்கள் குடுத்த முழுவதையும் தள்ளவேணும். உங்கட வேலையையும் நான் காப்பாத்தேலாது."

உண்மையைச் சொன்னால் வேலை தப்பிவிடும். ஆனால் செய்தி கிளினிக்குக்குப் போனால் பதினொரு பெண்களும் கார்ட்டை இழப்பார்கள். ஊசியும் மாத்திரையும் திரிபோஷாச் சத்துமாப் பைக்கற்றும் அந்தக் கார்ட்டுக்குத்தான். பேர்ணடெற் வாயைத் திறக்காமல் பஸ் ஏறிச் சரோஜினிதேவியிடம் போனார்.

"வரட்டுமே," என்றார் சரோஜினிதேவி. "எல்லாரையும் இஞ்ச கொண்டுவந்து இருத்துவம். இருக்கிற மாதிரி இருந்தாச் சரி."

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் பத்துச் சோடிச் செருப்பு. பதினோராவது பெண் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் மகனைப் பெற்றிருந்தாள். வீட்டில் கதிரை மூன்றுதான், அதில் ஒன்று வருகிறவருக்கு. மற்றவர்கள் நிலத்தில் காலை நீட்டி இருந்தார்கள். இரத்தினசிங்கம் கால்களுக்கு நடுவே அடி வைக்க இடம் தேடித் தேடி உள்ளே வந்தார்.

"கவனம் ஐயா, பாத்து!" என்றாள் நளாயினி. எல்லாரிலும் இளையவள், ஏழு மாதம். "நீங்களும் கேள்வி கேக்கவோ வந்தனீங்கள்? உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"மூண்டு."

"கிளினிக்குக்கு ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருக்கா நான் போனனான்."

"மூண்டு பிள்ளைக்கு ஒருக்காவோ! பேர்ணடெற் அக்கா, இதை எழுதுங்கோ."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனார். அங்கே இரண்டு கோப்பை, ஒரு சின்னச் சோற்றுப் பானை. திறந்திருந்த அறையில் ஒற்றைக் கட்டில். திரும்பி வந்து கேட்டார்:

"அக்கா, பத்துப் பேருக்கும் அந்தப் பானையிலயோ சோறு?"

சரோஜினிதேவி சொன்னார்: "தம்பி, இவையள் கொஞ்சமாத்தான் சாப்பிடுவினம்."

நளாயினிக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஐயா, நாங்கள் முன்னுக்குத் தெரியிற லொட்ஜில இருக்கிறம். விலாசம் மட்டுந்தான் அன்ரியின்ர. அவவை ஏசாதேங்கோ. கார்ட்டையும் பறிக்கப் பண்ணிப்போடாதேங்கோ."

பேர்ணடெற் பையைத் திறந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் பிடித்தார்.

"சேர், பதினெட்டாம் கேள்வியைப் பாருங்க. கிளினிக் போறதுக்குத் தடை என்ன? எல்லாரும் ஒண்டுமில்லை எண்டே சொல்லுறாங்க, இது என்ன ஆராய்ச்சி எண்டு நீங்கதானே போன மாசம் ஏசினீங்க? இந்தா, பதில் காலை நீட்டிக்கொண்டு இருக்குது."

இரத்தினசிங்கம் காலியாக இருந்த ஒரே கதிரையில் அமர்ந்தார். பதினொரு படிவங்களையும் மடியில் வைத்து, ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கத்தை வெட்டினார். பதினெட்டாம் கேள்விக்கு எதிரே 'பதிய விலாசம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"கார்ட்டைப் பற்றி ஆருக்கும் அறிவிக்கச் சொல்லி எங்கட படிவத்தில இல்லை," என்றார். "பேர் விவரம் இல்லாமல் எங்கட ஆராய்ச்சி டொக்டரிட்டக் குடுக்கிறன். இனித் தேத்தண்ணி இருந்தாத் தாங்கோ."

அந்த மாதக் கூட்டத்தில் பதினொரு படிவங்களும் ஒருமணி நேரம் பேசப்பட்டன. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டொக்டர், லொட்ஜ் பெண்களைத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். பேர்ணடெற் வேலையில் இருக்கிறார். இப்போது வெள்ளவத்தையின் மற்ற லொட்ஜுகளும் அவர் பொறுப்பு.

நவம்பர் பதினோராம் தேதி, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சரோஜினிதேவியின் ஹோலில் முதல் கிளினிக் நடக்கும். விலாசம் தேவையில்லை.